கூட்டம் குறைந்த இடத்தில் போய் நில்லுங்கள்

கேள்வி: "எனக்கு 24 வயது. சொந்த ஊர் அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம், வேலை சென்னையில். இரண்டு தேர்தலுக்கு ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டேன். அதனால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. போன தேர்தலில் அம்மாவிடம் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கட்சியிலும் சேர எனக்கு விருப்பமில்லை. என்னைப் போன்ற ஒருவன் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?"

பதில்:

தம்பி, நான் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன், சிலமுறை தலைமை அலுவலராகவும். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர்க் கிராம சபைக்குத் தவறாமல் போகிறேன். இந்த இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் அம்மாவைப் பற்றிய வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அட்டையோடு வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போனவர்களை நானே அனுப்பி வைத்திருக்கிறேன். எனக்கு வேறு வழி இருந்ததில்லை. சட்டம் அப்படி. வாக்காளர் அடையாள அட்டை நீங்கள் யார் என்பதை மட்டும் காட்டும். ஓட்டுப் போடும் உரிமை அந்த வாக்குச்சாவடியின் பட்டியலில் இருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. அட்டை வீட்டில் இல்லாவிட்டால்கூட ஆதார், ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புத்தகம் என்று எதையாவது காட்டி ஓட்டுப் போடலாம். பட்டியலில் அந்த வரி இல்லையென்றால் கலெக்டரே பரிந்துரைத்தாலும் அன்றைக்குப் போட முடியாது. பூத் சிலிப்பை மட்டும் காட்டியும் போட முடியாது.

ஒரு பழைய செய்தி சொல்கிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52-இல், பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்றே பதிவாகியிருந்தது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஓட்டு என்பது ஓர் ஆளுக்கு உரியது, அந்த ஆளுக்குப் பெயர் வேண்டும் என்பது அவருடைய நிலை. பெயரைக் கொடுங்கள் என்று அவகாசம் கொடுத்தும், கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்தடுத்த தேர்தல்களில் அந்தப் பெண்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள். பட்டியலில் பெயர் என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. இன்று அது நமக்குச் சாதாரணமாகப் போய்விட்டதால், பெயர் விழுந்துபோனால்கூட ஓட்டுப்பதிவு நாள் காலையில்தான் தெரியவருகிறது.

அதனால் முதல் வேலை அம்மாவின் பெயரைப் பார்ப்பது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், 1950 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். பெயர் இல்லையென்றால் படிவம் 6. பெயர் இருந்து எழுத்துப் பிழையோ முகவரி மாற்றமோ இருந்தால் படிவம் 8. வேறொருவர் பெயரைச் சேர்ப்பதையோ வைத்திருப்பதையோ ஆட்சேபிக்கப் படிவம் 7. உங்கள் அம்மாவின் வாக்குச்சாவடிக்கு என்று ஒரு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இருப்பார், பி.எல்.ஓ. என்பார்கள். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அவரிடமே படிவத்தைக் கொடுக்கலாம். நிராகரித்தால் விட்டுவிட வேண்டாம். வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்ட நிர்வாகத்திடமும், அங்கும் சரிவரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. இப்படி மேல்முறையீடு போகிறவர்கள் மிகக் குறைவு. போகிறவருடைய கோப்பு அதனாலேயே கண்ணில் படும்.

நேரமும் முக்கியம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கு யாரையும் சேர்க்க முடியாது. விசாரணைக்கு நாள் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாளாவது முன்பு கொடுத்துவிட வேண்டும். தேர்தல் தேதி அறிவித்தபின் ஓடுவதைவிட, ஆண்டுதோறும் வரைவுப் பட்டியல் வரும்போது பார்ப்பது நல்லது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடுவீடாகப் படிவம் வந்தபோதுதான், ஒரு காகிதத்தை நிரப்பாவிட்டால் பெயர் போய்விடும் என்று பலருக்கு உறைத்தது. வரைவுப் பட்டியல் வந்ததும் அதை வாங்கி, உங்கள் தெருவை மட்டும் வாசித்துப் பாருங்கள். இறந்தவர் பெயர் இருக்கும், கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் இருக்காது, புதிதாகப் 18 ஆன பையன் விட்டுப்போயிருப்பான். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் செய்யலாம். ஒரு தெருவின் பட்டியலைச் சரிசெய்ய இரண்டு மாலைப் பொழுது போதும். கட்சிக்காரர் மட்டுமே செய்துவரும் வேலை இது. அவர் தன் கட்சிக்கு விழும் ஓட்டு விட்டுப்போகாமல் பார்ப்பார், மற்றவருடையதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கட்சி சாராத ஒருவர் அதே வேலையைச் செய்யும்போதுதான் எல்லாருடைய பெயரும் வரும்.

இதிலேயே நான் சொல்ல வருவது பாதி வந்துவிட்டது. ஒரு சட்டமன்றத் தொகுதியில் சராசரியாக ஏறக்குறைய இரண்டரை லட்சம் வாக்காளர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்றுகொண்டு 'என்னால் என்ன மாறியது' என்று கேட்டால் மனம் சோரத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டரை லட்சத்துக்கு முன்னும் பின்னும் சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன. பட்டியல் சரிபார்க்கும் மேசை, வாக்குச்சாவடியின் உள்பக்கம், கிராம சபையின் தரைவிரிப்பு. அங்கெல்லாம் ஆள் குறைவு. ஆள் குறைந்த இடத்தில் ஓர் ஆளின் எடை தானாகக் கூடுகிறது. உங்களை அங்கே போகச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அதற்காக ஓட்டைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு, மொடக்குறிச்சியில் 281. அதற்கு முந்தைய 2016-இல் ராதாபுரத்தில் 49. நூற்று முப்பத்தேழு என்பது ஒரு வாக்குச்சாவடியில் காலை நேர வரிசையில் நிற்கிற ஆட்கள், அவ்வளவுதான். ராஜஸ்தானில் 2008-இல் நாத்துவாரா தொகுதியில் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். முதல்வர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

சரி, வாக்குச்சாவடிக்கு உள்ளே வருவோம். வெளியே வரிசையில் நிற்பவருக்கு உள்ளே நடப்பது முழுதாகத் தெரிவதில்லை. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஐந்தரை மணிக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, கருவி காட்டும் எண்ணிக்கையும், போட்ட ஓட்டைக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்த ஓட்டுகளை அழித்துவிட்டு, கருவி பூஜ்யம் காட்டுவதை எல்லாரும் பார்த்தபின் முத்திரை வைக்க வேண்டும். முகவர்கள் அதில் கையெழுத்திடுவார்கள். அந்த நேரத்துக்கு முகவர் வந்து சேராவிட்டால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நடத்திவிடலாம் என்பது விதி. விடியற்காலை இருட்டில் ஒரே ஒரு முகவர் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருக்க, மாதிரி வாக்குப்பதிவு நடத்திய அனுபவம் எனக்கு உண்டு. ஐந்தாறு பெயர் வேட்பாளர் பட்டியலில் இருந்தும் பார்க்க வந்தவர் ஒருவர்தான். இயந்திரத்தின் மேல் சந்தேகம் என்று மேடையில் பேசும் எல்லாக் கட்சிக்காரரும் அந்த ஐந்தரை மணிக்கு ஆளனுப்பினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த முகவர் வேலையைக் கட்சி உறுப்பினர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. சுயேச்சை வேட்பாளரும் முகவரை நியமிக்கலாம். உங்களுக்கு நம்பிக்கையான ஒரு வேட்பாளர் இருந்தால், அவருக்காக ஒரு நாள் அங்கே உட்காருங்கள். ஆள்மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் உடனே விசாரித்தாக வேண்டும். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும், மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது, எந்த எண்ணுள்ள கருவி, என்ன முத்திரை என்றெல்லாம் எழுதிய படிவம் 17சி-யின் நகல் முகவருக்குக் கிடைக்கும். அந்த ஒற்றைத் தாள்தான் எண்ணிக்கை நாளில் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆதாரம். இணையத்தில் ஆயிரம் பேர் வாதாடுவதைவிட, கையில் 17சி நகல் வைத்திருக்கும் ஒருவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

வாக்காளராகப் போகும்போதும் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் பேசாமல் திரும்பாதீர்கள். தேர்தல் நடத்தை விதி 49பி-யின்படி, நீங்கள்தான் அந்த ஆள் என்று அடையாளம் காட்டினால் காகித வாக்குச்சீட்டு கொடுத்தாக வேண்டும். ஆய்வுக்குரிய வாக்கு என்று அதைத் தனி உறையில் வைப்பார்கள். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது என்பது உண்மை. ஆனால் வித்தியாசம் குறைவாக இருந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அந்த உறைக்கு வேலை வரும். மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம். அதற்காகவே ஆறு மணிக்கு வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்பக்கமாக டோக்கன் கொடுத்து வருவோம். 85 வயதைக் கடந்தவரும், 40 விழுக்காடோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் சான்று உள்ளவரும் முன்கூட்டியே படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம்.

நோட்டா பற்றியும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் அது வந்தது. யாரும் வேண்டாம் என்று ரகசியமாகச் சொல்லும் உரிமை அது. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயிப்பார். அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். எனக்கு என்னவோ, வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தை வாசித்துவிட்டு ஒருவரைத் தேர்வது நோட்டாவைவிடக் கனமான வேலையாகப் படுகிறது. சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு ஒரு சூத்திரமாகிவிட்டது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே.நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பண விநியோகத்தால் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஆனால் இதில் ஏழைகளைக் குறை சொல்லிப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். நூறு நாள் வேலைக்கூலி மாதக்கணக்கில் வராமல் கிடக்கும் வீட்டில், வாசலில் நீட்டும் பணத்தை மறுப்பது எளிதல்ல. எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்தவர், ஜெயித்தபின் நம்மைப் பார்க்கும்போது கடன் தீர்ந்துவிட்டதாகவே நினைக்கிறார். 'தண்ணி வரலைங்க' என்று போய் நின்றால், 'அன்னிக்கு வாங்கினீங்கல்ல' என்று முகத்துக்கு நேரே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் பெயர் இங்கே வேண்டாம். கேட்டவர் தலைகுனிந்து திரும்பியதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. விநியோகத்தைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ காணொளியோ எடுத்து அனுப்பலாம். பறக்கும் படை வந்து பார்த்து, நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை சொல்ல வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. உங்கள் பெயரைத் தராமலும் அனுப்பலாம்.

இனி கிராம சபை. இங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுத்து அனுப்பத் தேவையில்லை. சட்டமன்றத்தில் 234 பேர் உட்காருவதைப் போல, பட்டியலில் பெயர் சேர்ந்ததும் உங்கள் அம்மா அங்கே உட்காரலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் நடந்துவந்தது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறாகியிருக்கிறது. ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை எல்லாம் இந்தச் சபையின் முன் வர வேண்டும். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச வருகையும் வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300.

இந்தக் கணக்கை உங்கள் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டரை லட்சத்தில் ஒருவராக இருந்த நீங்கள், நூறு பேரில் ஒருவராகிறீர்கள். பத்துப் பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே கோரிக்கையோடு வந்தால், அது சபையில் பத்தில் ஒரு பங்கு.

எங்கள் ஊரில் நான் முதலில் போன கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அரசு அனுப்பிய பொருள் பட்டியலை ஒருவர் வேகமாக வாசித்தார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. அரை மணி நேரத்தில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தீர்மானம் எங்கே எழுதினீர்கள் என்று கேட்டேன். 'அப்புறமா எழுதிக்குவோம் சார்' என்றார்கள். கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு! அடுத்த கூட்டத்துக்கு நாலு பேராகப் போனோம். குடிநீர் வசதியை மேம்படுத்த வேண்டும் என்று பொதுவாக எழுதாமல், இந்தத் தெருவில் இத்தனை வீட்டுக்கு, இந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து, இன்ன இடம் வரை குழாய் போட வேண்டும் என்று அளந்து எழுதிக்கொண்டு போனோம். தீர்மானப் புத்தகத்தில் அதே சொற்களில் எழுதி, சபையில் உரக்க வாசித்தபிறகுதான் கையெழுத்துப் போடுவோம் என்று தன்மையாகச் சொன்னோம். சண்டை வரவில்லை. எழுதினார்கள். குழாய் வர ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த ஒன்றரை ஆண்டும் அடுத்தடுத்த கூட்டங்களில் 'போன முறை தீர்மானம் எந்த நிலையில் இருக்கிறது' என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். தீர்மானத்தின் நகலை வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கும் போனோம். வாயால் சொன்னபோது கிடைக்காத பதில், நகலோடு போனபோது கிடைத்தது. நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில்.

குழாய்க்கும் விளக்குக்கும் மட்டும்தான் கிராம சபை என்றும் இல்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அதே மாதம் நடந்த கிராம சபைகளில் அந்த வட்டார மக்கள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மக்களின் மறுப்பு கோஷமாக மட்டும் நிற்காமல், சட்டம் அங்கீகரித்த ஒரு சபையின் பதிவேட்டில் எழுத்தாக ஏறியிருந்தது பெரிய பலம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-இல், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பன்னிரண்டு கிராம சபைகளிடம் பாக்சைட் சுரங்கம் பற்றிக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அது வன உரிமைச் சட்டத்தின் கீழ் நடந்தது, எல்லா ஊருக்கும் அதே அதிகாரம் இல்லை. இருந்தாலும் மலைக்கிராமத்து மக்கள் ஒரு பெரிய நிறுவனத்தை எழுத்தால் நிறுத்தினார்கள் என்பதை நான் வகுப்பில் சொல்லாத ஆண்டில்லை.

இந்தச் சின்ன நாற்காலிகளுக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின் தலைவராகத் தேர்வான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று கூட இருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டை எதிர்த்துப் பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடத்த விடவில்லை. 2006-இல்தான் நடந்தது. ஓர் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அதிகாரம் இல்லையென்றால் அதற்காக யாரும் கொலை வரை போயிருக்க மாட்டார்கள். அந்த நாற்காலிக்கு உயிரைக் கொடுத்தவர்களை நினைக்கும்போது, நடக்கிற தூரத்தில் கூடும் கிராம சபைக்கு நாம் போகாமல் இருப்பது எனக்கு வலிக்கிறது.

அதே வலிதான் உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும்போதும். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். அந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்களிடம் பொறுப்புப் போனது. சட்டமன்றத் தேர்தல் மூன்று ஆண்டு தள்ளிப்போயிருந்தால் ஊரே கொதித்திருக்கும். ஊராட்சித் தேர்தலுக்கு அந்தக் கொதிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இப்போது உங்களுடைய நிலை. ஓட்டு எங்கே இருக்க வேண்டும்? சட்டம் நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தைத்தான் கேட்கிறது, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வது குற்றம். சென்னையில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் படிவம் 8 கொடுத்து அங்கே மாற்றிக்கொள்வதே முறை. ஊரை விட்டுக்கொடுப்பது போல மனம் கஷ்டப்படும், புரிகிறது. ஆனால் சென்னையும் ஆள் குறைந்த இடம்தான். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டுப் பதிவானது, மத்திய சென்னை 54-ஐ எட்டவில்லை. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. உங்கள் தெருவின் குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா எல்லாவற்றையும் கவனிக்கும் கவுன்சிலரைப் பாதிப் பேர்கூடச் சேர்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. நகரங்களுக்கும் 2022 முதல் பகுதி சபை, வார்டு குழு என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. கிராம சபை அளவுக்கு அது இன்னும் வேர் பிடிக்கவில்லை. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த பகுதி சபை எப்போது என்று எழுதிக் கேளுங்கள். கேட்கிற முதல் ஆளாகவே நீங்கள் இருக்கக்கூடும்.

தேர்தலில் நிற்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயதாக வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும், அதாவது உங்களுக்கு மூன்று ஆண்டுக்கு முன்பே தகுதி வந்துவிட்டது. சட்டமன்ற வேட்பாளருக்கு டெபாசிட் பத்தாயிரம், சுயேச்சை என்றால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். இந்தப் பத்துப் பேர் கணக்குக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளைக் காதில் வாங்க வைப்பதற்காகக் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. அன்றைய டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அதை ஐயாயிரமாக்கி, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர் என்றும் வைத்தார்கள். நிர்வாகத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் விவசாயிகள் என்ன கேட்டார்கள் என்பதைவிட வாக்குச்சீட்டு எவ்வளவு நீளம் என்பதே பேச்சாகிப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அம்மாவுக்குத் திரும்புகிறேன். அவர் ஊரில் இருக்கிறார். கிராம சபையின் உறுப்பினராகும் உரிமை நீங்கள் சென்னைக்குப் பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் அவருக்கு இருக்கும். உங்கள் தெருவில் எது இல்லை என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படமும் படிவம் 6-ம் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை எப்படி எழுதுவது என்று அவரையே கேட்டு நிரப்புங்கள். பட்டியல் வந்ததும் முதலெழுத்து, வயது, கதவு எண் மூன்றையும் சரிபாருங்கள். அப்புறம், அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் உங்கள் தெருவுக்கான தீர்மானத்தை எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் வாசித்து முடிக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.